குகைக்குள் போகிறவரை என்னவென்று அழைப்பது? பெயரிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குகைகளுக்குள் இறங்குவோரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, அவர்கள் அனைவருக்கும் ‘குகை ஆய்வாளர்’ என்ற ஒரே பட்டத்தைக் கட்டிவிடுவதுதான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இவர்களுக்குக் குறைந்தது நான்கு பெயர்கள் வழங்குகின்றன. ஒவ்வொன்றிலும் சிறிது மதிப்போ சிறிது இளக்காரமோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீலியாலஜிஸ்ட் என்பவர் குகையின் பாறை, நீர், உயிரினம் ஆகியவற்றை அறிவியல் முறையில் ஆராய்கிறவர். அதற்காக, பட்டம் பெற்ற அறிவியலாளர் மட்டுமே இப்பெயருக்கு உரியவர் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. 1895இல் பாரிஸில் இத்துறைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவரும், அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேப்பிங் கில் என்னும் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழமுள்ள செங்குத்துப் பிலத்தில் கயிற்றேணி கட்டி இறங்கியவருமான எதுவார் மார்டெல், படித்தது சட்டம்.

உண்மையில் சிக்கல் ஸ்பெலங்கர் என்ற சொல்லில்தான் இருக்கிறது. குகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இதனை 1940களில் அமெரிக்கக் குகையாளர்கள் தம்மைக் குறிக்கவே பயன்படுத்தினார்கள். பின்னர் அது தலைக்கவசம் இல்லாமல், கையில் ஒற்றை டார்ச்சும் உடம்பில் பருத்திச் சட்டையுமாக உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்கிறவனைக் குறிக்கும் ஏளனப் பெயராயிற்று. அனுபவமுள்ளவர்கள் கேவர் என்னும் எளிய பெயரை வைத்துக்கொண்டு, ‘ஸ்பெலங்கர்களை மீட்பவர்கள் கேவர்களே’ என்று வண்டிகளில் ஒட்டி வைக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு போயிற்று. ஆகவே ‘ஸ்பெலங்கிங் போய் வந்தேன்’ என்று படத்தோடு பெருமையாகப் போடும் நம் இளைஞர், விவரம் தெரிந்தவர் முன் தம்மைத் தாமே கற்றுக்குட்டி என்று அறிவித்துக்கொள்கிறார். அதேசமயம், இந்தக் கேலியில் கொஞ்சம் சாதித்திமிரும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. முதல் நாளே மூன்று விளக்குகளோடு போனவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிரிட்டனில் வழங்கும் பாட்ஹோலர் என்ற சொல்லை அகராதி பார்த்து மொழிபெயர்த்தால், சாலைப் பள்ளத்தை நிரப்பும் தொழிலாளி என்ற பொருள் வந்துவிடும். ஒகேனக்கல்லில் நீர் வற்றும் நாளில், கூழாங்கற்கள் சுழன்று சுழன்று கடைந்த உருண்டைக் குழிகளைப் பாறையில் காணலாம். நிலவியலார் பாட்ஹோல் என்று சொல்வது அதனை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர் சொல்வதோ கயிறு கட்டி இறங்கவேண்டிய செங்குத்துக் குகையை; அதில் இறங்குகிறவரே பாட்ஹோலர்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பகுதியில் ‘குகை’ என்ற சொல்லையே கவனித்துக் கையாள வேண்டியிருக்கிறது. மேகாலயாவில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கியிருப்பதால், அங்குள்ள கிரெம் லியாட் பிரா 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகள் பெரும்பாலும் கருங்கல். இங்கே கிடைப்பவை உருண்டு குவிந்த பாறைகளின் இடுக்குகளும் முன்துருத்திய பாறையின் நிழலும்தான். பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களைத் தீட்டியிருப்பதும் அத்தகைய பாறை ஒதுக்கில்தான். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் தம்மைக் குகை ஆய்வாளர் என்று எழுதுவது இரட்டைப் பிழை. அந்த இடம் குகையும் அன்று, பார்த்தது ஆய்வும் அன்று. படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிப்பவருக்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க் கண்ணுக்கு, டார்ச்சோடு பாறை இடுக்கில் நுழைகிறவன் புதையல் தேடுகிறவன், இல்லையென்றால் சாமியார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்று ஒன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “ஏம்பா, பொதையலு எடுக்க வந்தியா?” என்பது. இல்லை என்றதும் கூடவே வந்தார். நான் வெறும் இடுக்கு என்று நினைத்ததை அவர் கரடிப் பொடவு, அதாவது கரடி தங்கும் பொந்து, என்றார். வாயிலருகே குனிந்து, கறையான் புற்றுமண்ணும் பழக்கொட்டையும் கலந்து கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, ஈரம் இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று என்னைத் திருப்பிவிட்டார். அன்றிரவு எழுதிய குறிப்பில் என்னை ஆய்வாளர் என்றும் அவரை ‘உள்ளூர்வாசி ஒருவர்’ என்றும் எழுதியிருக்கிறேன்.