பெட்டகத்தில் அத்தையின் காகிதங்கள்: எப்படி எடுத்து வைப்பது

செட்டிநாட்டில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், பெட்டகத்தையும் தூணையும் விலை பேச ஆள் வந்துவிடும், ஆனால் பெட்டகத்துக்குள் இருக்கும் காகிதத்துக்குப் பழைய பேப்பர்காரரைத் தவிர யாரும் வர மாட்டார்கள். எங்கள் அத்தை கருக்கலைப்பை எதிர்த்து வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். எனக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போனதே இல்லை. இருந்தாலும் அவர் விட்டுப்போனதில் ஒரு துண்டு நோட்டீஸ்கூட வீணாகக் கூடாது என்று நினைக்கிறேன், அதனால்தான் நான் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டகத்தைத் திறக்காதீர்கள். மாசி, பங்குனியில் திறங்கள், ஆனால் வளவு வாசல் (வீட்டு நடுமுற்றம்) வெயிலில் காய வைக்க வேண்டாம், மை வெளுத்துவிடும். எடுப்பதற்கு முன்னாலேயே எந்தத் தட்டில் எது இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆசையாக எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கப் போய், எந்தக் கடிதம் எந்தக் கூட்டத்து நோட்டோடு இருந்தது என்பதே தெரியாமல் போய்விட்டது. அவர் வைத்த வரிசையே ஒரு செய்தி, அதைக் கலைக்காதீர்கள்.

துருப்பிடித்த குண்டூசியையும் ஜெம் கிளிப்பையும் மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. குறிப்பு எழுதுவதென்றால் பின்பக்கம் பென்சிலில், லேசாக. காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி தெரிந்தால் அந்தக் காகிதக் கட்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அப்புறம் அமிலமில்லாத உறைகளில் போட்டு, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் வையுங்கள்.

தேதி போடாத சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாள் வைத்து நகலெடுத்த) நோட்டீஸ்கள்தான் பெரிய தலைவலி. முதலில் முகவரியைப் பாருங்கள். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது. தேவகோட்டைக்கு 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று அச்சடித்திருந்தால் பெரும்பாலும் 1985க்கு முன், 'பசும்பொன்' என்று இருந்தால் 1985க்கும் 1997க்கும் நடுவில். பழக்கத்தில் பழைய பெயரையே கையால் எழுதுபவர்கள் உண்டு, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே இருப்பதையும் படியுங்கள். 'இந்த மசோதா வரக் கூடாது' என்றால் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறிய 1971க்கு முன், 'இந்தச் சட்டத்தை எடு' என்றால் அதற்குப் பின். தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சொன்னால் 1992 அல்லது அதற்கு மேல். ஸ்கேனில் பெண் என்று தெரிந்து கலைப்பதைப் பற்றிய நோட்டீஸில், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கருக்கலைப்பே கூடாது என்பதும் பெண் கருவை மட்டும் கலைக்காதே என்பதும் ஒன்றல்ல. அத்தை இரண்டையும் பேசியவர், இரண்டிலும் அவரோடு நின்றவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள்.

இப்போது கடிதங்கள். நீல இன்லண்ட் லெட்டர் ஒன்று, மடிப்பில் நைந்து இரண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது, ஓரத்தில் பசை காய்ந்த மஞ்சள் கறை. கல்யாணமாகாத ஒரு பெண், தான் முழுகாமல் இருப்பதை வீட்டில் சொல்ல முடியாமல் அத்தைக்கு எழுதியிருந்தாள். ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்து இதே பக்கத்தில் இருக்கலாம். இப்படிப்பட்ட கடிதங்களைத் தனி உறையில் போட்டு மூடுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிட்டால் தண்டனை உண்டு என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது; நாம் மருத்துவர் இல்லைதான், ஆனால் அந்தப் பெண் நம்பி எழுதியது அத்தையை, நம்மை இல்லை. கிழித்தும் போடாதீர்கள். மூடி வைப்பது வேறு, அழிப்பது வேறு.

இன்னொன்று, கடிதத்தாள் நம்மிடம் இருந்தாலும் அதை அச்சிடும் உரிமை எழுதியவருடையது, அவர் இறந்த பிறகு அவருடைய வாரிசுகளுக்கு. அத்தை எழுதியதற்கு அவருடைய பிள்ளைகள்.

மற்றவற்றை 300 டிபிஐ-யில் (ஸ்கேனரில் வைக்கும் தெளிவின் அளவு) ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பொடி எழுத்தென்றால் 400.

கடைசியாக, யாரிடம் கொடுப்பது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான், 1992இல் அவர் இறந்தபிறகு, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகியிருக்கின்றன. எந்த நூலகமானாலும் முதலில் பட்டியலை மட்டும் அனுப்பிக் கேளுங்கள். கொடுக்கும்போது, மூடிய உறைகளை எத்தனை வருஷம் யாரும் திறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், அத்தை பிள்ளைகள் அத்தனை பேரிடமும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள், மலேசியாவில் இருப்பவர் உட்பட.