கார்ல திடீர்னு பீப் அடிக்குதா? எங்கேர்ந்து வருதுன்னு இப்படி கண்டுபிடிங்க

ஓட்டிட்டு இருக்கும்போது திடீர்னு பீப் கேட்டா பதறாதீங்க, பார்த்து ஓரமா நிறுத்துங்க.

முதல் வேலை, சத்தம் வரும்போது மீட்டர்ல எந்த லைட் எரியுதுன்னு பாக்குறது. சிவப்புன்னா வண்டிய நிறுத்தியே ஆகணும், மஞ்சள்னா சீக்கிரம் மெக்கானிக்கிட்ட காட்டணும். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சா இன்ஜினை அப்பவே ஆஃப் பண்ணிடுங்க, ஆயில் பிரஷர் இல்லாம ஓட்டுனா கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் சீஸ் ஆயிடும், அதாவது உள்ள இறுகிப் போய் நின்னுடும், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தானேன்னு தயவுசெஞ்சு ஓட்டாதீங்க.

லைட் எதுவும் புரியலையா, அடுத்து சின்ன விஷயங்கள பாருங்க. டிக்கி, கதவு எல்லாத்தையும் ஒருதடவை திறந்து நல்லா அடைங்க, ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க. பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா சாவியில பேட்டரி வீக்கானாலும் கத்தும். மெதுவா போகும்போது மட்டும் வந்தா பார்க்கிங் சென்சார்ல சேறு ஒட்டியிருக்கலாம், துணியால துடைச்சா போதும்.

இப்ப முக்கியமானது. சத்தம் *எப்போ* வருதுன்னு குறிச்சு வைங்க, பக்கத்துல உக்காந்திருக்கவங்கள போன்ல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. எனக்கு மூணு நாளா பிரேக் போட்டா மட்டும் பீப் வந்துச்சு, பாத்தா பக்கத்து சீட்ல வச்சிருந்த பை, பிரேக் போடும்போது நகர்ந்து நகர்ந்து சீட்டுக்குள்ள இருக்கிற சென்சாரை அமுக்கியிருக்கு, ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சு பெல்ட் போடச் சொல்லி கத்தியிருக்கு. பைய பின் சீட்டுக்கு மாத்துனேன், நின்னுடுச்சு.

ஆனா பைய எடுத்தும் வந்தா விட்றாதீங்க. பிரேக் ஆயில் டப்பாக்குள்ள ஒரு மிதவை இருக்கும், ஆயில் குறைஞ்சிருந்தா பிரேக் போடும்போதும் வளைவுலயும் ஆயில் அலம்பி, அந்த மிதவை ஒரு செகண்ட் இறங்கி ஏறும், சிவப்பு பிரேக் லைட்டும் மினுக்னு வந்து போகும். பானெட்ட திறந்து டப்பால MIN, MAX-ன்னு போட்ட கோடு பாருங்க. MIN கோட்டுக்கு கீழ இருந்தா சும்மா ஊத்தி நிரப்பிட்டு போயிடாதீங்க, பிரேக் பேட் தேஞ்சிருக்கும் இல்லன்னா எங்கயோ கசியுது, ரெண்டுல எதுன்னு மெக்கானிக் பாத்தே ஆகணும். பெடல் மெத்துன்னு உள்ள இறங்குச்சுன்னா ஓட்டிட்டு போகவே வேணாம், டோ பண்ணி எடுத்துட்டு போங்க.