போர்க்காலக் கேலிச்சித்திரத்தில் தரையையும் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அக்கா மகளோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுக்காக அவள் ஒரு கேலிச்சித்திரத்தை விளக்கி எழுத வேண்டும். படத்தைப் பார்த்ததும், "ஹிட்லரும் ஸ்டாலினும் வணக்கம் சொல்லிக்கிறாங்க. சமாதானம் ஆயிட்டாங்க போல, சித்தி" என்றாள். முதல் பார்வைக்கு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். டேவிட் லோ வரைந்த 'ரான்டேவூ' (சந்திப்பு) என்ற அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, தேதி பார்ப்பது. லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' நாளிதழில் 1939 செப்டம்பர் 20 அன்று இது வெளியானது. அதற்கு முந்தைய நான்கு வாரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஆகஸ்ட் 23: ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் ஒப்பந்தம். செப்டம்பர் 1: மேற்கிலிருந்து ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைகிறது. செப்டம்பர் 17: கிழக்கிலிருந்து சோவியத் படை. மூன்று நாள் கழித்து இந்தப் படம்.

தேதிக்கு அவ்வளவு முக்கியத்துவமா என்றால், ஆமாம். சாமர்த்தியக்காரனை நாம் 'எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்தப் பெயருள்ள ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பயம் புரியும். கேலிச்சித்திரமும் அப்படித்தான்.

அடுத்து, வசனத்தைக் கையால் மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இருண்ட வானம். எதிரெதிரே நின்று தொப்பியைத் தூக்கி, குனிந்து, மரியாதை செய்துகொள்ளும் இருவர். இப்போது கண்ணைக் கீழே இறக்குங்கள். இருவருக்கும் நடுவே தரையில் ஒரு பிணம் கிடக்கிறது. "இவர் யாரு?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. தாளில் எழுதிய தேதிகளைத் திரும்பப் பார்த்துவிட்டு, "போலந்து" என்றாள்.

சரி, இப்போது கையை எடுத்து வசனத்தைப் படியுங்கள். ஹிட்லர் கேட்கிறார்: "உலகத்தின் கழிசடை தாங்கள்தானே?" ஸ்டாலின் கேட்கிறார்: "தொழிலாளர்களைக் கொன்று குவித்த பாதகர் தாங்கள்தான் என்று நினைக்கிறேன்?" ஆங்கிலத்தில் இந்த வாக்கிய அமைப்பு, 1871இல் ஆப்பிரிக்காவில் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைக் கண்ட பத்திரிகையாளர் ஸ்டான்லி சொன்னதாகப் புகழ்பெற்ற, "டாக்டர் லிவிங்ஸ்டன் தாங்கள்தான் என்று நினைக்கிறேன்?" என்ற நாகரிகமான அறிமுக வாக்கியத்தை நினைவூட்டுவது. ஒப்பந்தத்துக்கு முன்பு ஆண்டுக்கணக்கில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று ஏசிய பாணி வசை அதற்குள் நுழைந்திருக்கிறது.

நமக்கு வஞ்சப்புகழ்ச்சி புதிதில்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன என்று ஔவை சொன்னாரே, அதில் புகழ்ச்சிக்குள் இகழ்ச்சி இருந்தது. அவை போருக்கே போகாதவை. இங்கே உடம்பு புகழ்கிறது, வாய் இகழ்கிறது. படமும் சொல்லும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் அங்கதம் இருக்கிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. கிடக்கும் உடலைக் கட்டைவிரலால் மறையுங்கள். இரண்டு எதிரிகளின் போலி நட்பைப் பற்றிய நல்ல நகைச்சுவை மட்டும் மிஞ்சும். விரலை எடுங்கள். சிரிப்பு நின்றுவிடும். இரண்டு தலைவர்களை மட்டும் எழுதிவிட்டு அந்த உடலை விட்டுவிடும் விடைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். லோ யாருக்காகக் கோபப்பட்டாரோ அவரையே மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, யாருடைய பத்திரிகை என்று கேளுங்கள். பிரிட்டன் செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்துவிட்டது. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களைக் கேட்காமலேயே இந்தியாவையும் போரில் சேர்த்தார். அதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. லண்டன் பத்திரிகைப் படத்தில் இதெல்லாம் இருக்காது. படம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. எங்கே நின்று பார்த்து வரைந்தது என்பதை விடையில் ஒரு வரி எழுதுங்கள்.

அவள் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, "போலந்தின் பிணத்தின் மேல் இரண்டு பேர் மரியாதை செய்துகொள்கிறார்கள்" என்று தொடங்கினாள். பிறகு நிமிர்ந்து, "இந்த ஒப்பந்தம் எத்தனை நாள் நின்னுச்சு, சித்தி?" என்றாள். தாளின் அடியில் 1941 ஜூன் 22, ஹிட்லர் சோவியத் மீது படையெடுத்த நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.