செட்டிநாட்டு வீட்டுச் சேகரிப்பைப் படிக்கும் முறை

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பழைய வீட்டின் கலைச் சேகரிப்பைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், எது விலை உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், எது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். முகப்பில் இருப்பது, சேர்த்தவர் ஊருக்குக் காட்ட விரும்பியது. சாமி அறையிலும் உள்கட்டிலும் இருப்பதே அவர் தமக்கென வைத்துக்கொண்டது.

அடுத்து, படத்தின் சட்டத்தை அருகில் சென்று பார்க்க அனுமதி கேளுங்கள். இதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தஞ்சாவூர் ஓவியமானால், தங்கத்தாள் உரிந்த ஓரத்தில் பலகையும் துணியும் சுண்ணப்பூச்சும் தெரியும். 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மாவின் அச்சகத்து லட்சுமி படமானால், சேலைக்கு மேல் சரிகைத் துணியும் சமிக்கியும் கையால் பதிக்கப்பட்டிருக்கக்கூடும். பலர் வாங்கக்கூடிய ஓர் அச்சுப்படத்துக்கு அத்தனை பொழுதைக் கொடுத்தவரின் பக்தியை, எந்த விலையுயர்ந்த ஓவியமும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

பர்மிய அரக்குப் பெட்டிகள், வீட்டார் கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்காக, கடல் கடந்து போன நாட்டைச் சொல்லும். ஆனால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கியதும், சீராகவோ பங்காகவோ வந்ததும் ஒரே அலமாரியில் இருக்கலாம். ஆகவே, ஒவ்வொன்றும் யார் வழியாக வந்தது என்று வீட்டு ஆச்சியிடம் கேட்டு, அவர் சொல்வதை அன்றே எழுதிவையுங்கள்.