எஸ்டேட் ஜீப்பின் முன் டிஃபரென்ஷியலைத் திறந்து சோதிக்கும் முறை

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளில், பின் டிஃபரென்ஷியலுக்கு (இடம், வலம் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) கிடைக்கும் கவனத்தில் பாதிகூட முன் டிஃபரென்ஷியலுக்குக் கிடைப்பதில்லை. சேற்றுப் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவர், லீவரை விலக்க மறந்து ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால், வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தொலைவு உருள வேண்டியிருப்பதாலும், தார்ச்சாலையில் டயர் வழுக்கி இடங்கொடுக்காததாலும், அந்த முறுக்கம் முழுவதும் பற்களின் மேல் விழுகிறது. ஆகவே மழை ஓய்ந்து, காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாவதற்கு முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. வடித்த ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் மூடியில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது வழக்கமானதே. விரலில் குத்தும் சிம்பு அகப்பட்டால் ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது.

கிரவுனை, அதாவது உள்ளேயுள்ள பெரிய வளையப் பல்சக்கரத்தை, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு பல்கூட விடாமல் சுற்றிப் பாருங்கள். பல்லின் முகத்தில் நகத்தை மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத கீறலும் அம்மைத் தழும்புபோன்ற குழிகளும் நகத்தில் தட்டும். நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் சூடேறியிருக்கிறது. டிஃபரென்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் கியர்களின் பின்னாலுள்ள வாஷர் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிரவுனுக்கும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கும் இடையிலான ஆட்டத்தை, அதாவது பற்களுக்கு நடுவே உள்ள தளர்வை, அளக்க வேண்டும். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லின் வெளிமுனையில் நேராகப் பொருத்தி, கிரவுனை முன்னும் பின்னும் அசைத்தால் அளவு தெரியும். பல வண்டிகளில் இது 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. நான்கு இடங்களில் அளந்து பார்த்து, அவற்றுக்குள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால், கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது சாயச் சோதனையைத்தான். ஐந்தாறு பற்களின் இரு பக்கங்களிலும் சாயம் பூசி, கிரவுனுக்கு மரக்கட்டையால் சற்றுத் தடை கொடுத்து, பினியனை இரு திசையிலும் சுழற்றினால், பற்கள் உரசிய இடத்தில் சாயம் விலகித் தடம் விழும். தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக இருந்தால் பொருத்தம் சரி. பல்லின் அடியை நோக்கி இறங்கினால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்திருக்கிறது. உச்சியை நோக்கி ஏறினால் விலகி நிற்கிறது. கிரவுனின் உள்முனைப் பக்கம் ஒதுங்கினால் ஆட்டம் குறைவு, வெளிமுனைப் பக்கம் ஒதுங்கினால் அதிகம். முன் கிரவுன் பின் கிரவுனைப் போலவே வெட்டப்பட்டிருக்கும் வண்டிகளில், முன்னே செல்லும்போது சுமையைத் தாங்குவது பல்லின் குழிந்த பக்கம் என்பதால், அந்தப் பக்கத்துத் தடத்தைக் கூடுதல் அக்கறையுடன் பார்க்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றினால், ஆட்டத்தையும் தடத்தையும் மறுபடி சோதிக்காமல் மூடக் கூடாது.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தீட்டப்பட்டவை; ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம் நிற்காது. ஜோடி எண் இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்தே வாங்குங்கள். சத்தமில்லாமல் பழகிய பழைய ஜோடியை, தடம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் கலைக்க வேண்டாம்.

பேரிங் மூடிகளை இடம், வலம் மாறாமல் பூட்டி, புதிய கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். அச்சின் மேலுள்ள மூச்சுக் குழாயில் சேறு அடைத்திருந்தால் அதையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்ட வண்டி ஓடையில் இறங்கும்போது, சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.