கால்பந்தில் பந்தை மறைத்து ஆடச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி?

எதிராளி கிட்டே வந்தாலே என் குழுப் பிள்ளைகள் பந்தைக் கண்மண் தெரியாமல் உதைத்துவிடுவார்கள். இல்லையென்றால் அப்படியே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஓரத்தில் நின்று "பாடி போடு, பாடி போடு" (எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே உடம்பைக் கொண்டுவா) என்று நான் கத்தியதுதான் மிச்சம். எப்படிப் போடுவது என்று சொல்லித்தராதது என் தப்பு.

பந்தை நிறுத்தவும் உள்ளங்காலால் உருட்டவும் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 8 முதல் 12 வயதுக்கு 4ஆம் எண் பந்தே போதும். "வளர்ந்தாலும் உதவும்" என்று 5ஆம் எண் வாங்கிக் கொடுக்காதீர்கள், சின்னப் பாதத்துக்கு அது அடங்காது.

படி 1: பந்தே வேண்டாம்

இருவர் இருவராகத் தோளோடு தோள் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கியவன் நிற்பான்; விறைப்பாக நின்றவன் தடுமாறுவான். இரண்டு நிமிடத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும்.

படி 2: பக்கவாட்டில் நிற்பது

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். "எதிராளிக்கு முதுகைக் காட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் எல்லாப் பந்தும் கால்களுக்கு நடுவே பறிபோனது. நானே எதிராளியாக நின்று பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: நேராக முதுகைக் காட்டினால் பந்து இரண்டு காலுக்கும் முன்னே, ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. காலிடுக்கில் என் காலை விட்டால் பந்து எட்டிவிடுகிறது.

பக்கவாட்டில் திரும்பினால் கதையே வேறு. வரிசை இப்படி இருக்க வேண்டும்: எதிராளி, அவனைத் தொடும் என் தோள், கிட்டக்கால், தூரக்கால், அதன் உள்ளங்காலுக்கு அடியில் பந்து. அகட்டி நின்ற கால்களின் முழு அகலமும் நடுவே வந்துவிடுகிறது.

இடக்கால், வலக்கால் என்று சொல்லாதீர்கள். எதிராளி சுற்றி வந்தால் கால் மாற வேண்டும், பிள்ளைகள் குழம்புவார்கள். "கிட்டக்கால், தூரக்கால்" என்றே பழக்குங்கள்.

படி 3: கை

கிட்டக் கையை முழங்கை மடக்கி உடம்பிலிருந்து சற்று விலக்கி வைக்கட்டும். சமநிலைக்கும், எதிராளி எந்தப் பக்கம் நகர்கிறான் என்று உணரவும் மட்டும்தான் அது. கையால் தள்ளினாலோ சட்டையைப் பிடித்தாலோ ஃபவுல். பந்து எட்டி ஆடும் தூரத்தில் இருக்கும்வரை மறைத்து நிற்பது சரி. அது தள்ளிப் போன பிறகு வழிமறித்தால் அதுவும் ஃபவுல்தான். எதிராளி தோளால் நியாயமாக மோதலாம். அதற்கு விசில் வராது என்று முதலிலேயே சொல்லிவைத்தால் பாதி அழுகை குறையும்.

படி 4: பத்து எண்ணும் ஆட்டம்

நான்கு கோன், மூன்று மீட்டர் சதுரம், ஒரே பந்து. பத்து எண்ணும்வரை பந்தைக் காக்க வேண்டும். முதல் சுற்றில் எதிராளி சாய்ந்து மட்டும் நிற்கட்டும், அடுத்ததில் நடக்கட்டும், அப்புறம் பறிக்க முயலட்டும். முதல் சுற்றிலேயே பறிக்கவிட்டால் பழைய உதை திரும்பிவிடும். எனக்கு விசிலும் ஸ்டாப்வாட்ச்சும் பிடிக்காது. சத்தமாக எண்ணினால் போதும்.

படி 5: வெளியேறுவது

காத்துக்கொண்டே நின்றால் இன்னொருவன் வந்து சூழ்ந்துவிடுவான். எதிராளி முன்பக்கமாக எட்டினால் பின்பக்கமாக உருட்டித் திரும்ப வேண்டும். பின்பக்கமாக வந்தால் முன்னே. திரும்பும் முன் தலையைத் தூக்கி ஒரு பார்வை.

பிற்சேர்க்கை: "என் மகள் ரொம்பச் சின்ன உருவம், மோதினால் விழுந்துவிடுகிறாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் மோதலை எதிர்த்து நிற்க வேண்டாம். எதிராளியின் தோள் வந்து பட்டதும் அந்தத் தள்ளலோடேயே பந்தை உருட்டித் திரும்பிவிடலாம். என் குழுவிலேயே சின்னவன் ஒருவன் இதைப் பிடித்துக்கொண்டான். இப்போது பத்து எண்ணும் ஆட்டத்தில் அவனோடு ஜோடி சேரப் பெரிய பையன்கள் தயங்குகிறார்கள்.