இங்கிலீஷ் டிபார்ட்மென்டுக்குத் தள்ளிவிடாதீர்கள்: பாட ஆசிரியருக்குச் சில வழிகள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி (நிலவியல்) நடத்துகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி, எடப்பாடி பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்கள். முதல் செமஸ்டரிலேயே பாடம் மொத்தமும் ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு எடுத்தால், "அத இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்தான் பாக்கணும் மேடம்" என்பார்கள். அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கதை, கவிதை, கடிதம், இலக்கணம் என்று அவர்களுக்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு கல்லைக் கையில் வாங்கி நாலு வரி எழுதும் முறை நம் பாடத்தோடு பிறந்தது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, பிராக்டிகல் வகுப்பிலேயே செய்துவிடலாம். என் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். பாட்டனி, காமர்ஸ், வரலாறு நடத்துபவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பாடத்தில் மாணவர் உண்மையில் என்னென்ன எழுத வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்குக் கல் வர்ணனை, களக் குறிப்பேடு, வரைபட விளக்கம், பரீட்சையில் 'நீட் ஸ்கெட்ச்' போட்டு எழுதும் பெரிய கேள்வி, அவ்வளவுதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்டர்வியூவுக்கு உதவும். ஆனால் சரளமாகப் பேசத் தெரிந்த பையனும் ரெக்கார்டு நோட்டில் ஒரு பத்தி சொந்தமாக எழுத முடியாமல் விழிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாலில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு செமஸ்டர் முழுக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது கல் வர்ணனை. கண்ணால் பார்த்தது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அதில்தான் வரும். எங்கள் பாடத்தின் ஆங்கிலம் பெரும்பாலும் அந்தப் பிரிவைச் சுற்றித்தான் இயங்குகிறது.

எப்படித் தொடங்குவது? எங்களுக்குக் கொடுத்துவைத்த ஊர். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் போனால் மேக்னசைட் என்ற தாது வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஒரு துண்டை மேஜையில் வைத்து, போர்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'ஊகம்' என்று எழுதுவேன். அப்புறம் தமிழிலேயே சொல்லச் சொல்வேன்.

"வெள்ளையா இருக்கு மேம்."

"மினுமினுப்பு இல்ல."

"கத்தியில கோடு விழுது."

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சுண்ணாம்புக்கல் மேம்!"

இது எந்தப் பக்கம்? வகுப்பே ஒரு நொடி யோசிக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டிலை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். பக்கத்தில் வைத்திருக்கும், சுண்ணாம்புக்கல்லின் முக்கியத் தாதுவான கால்சைட் துண்டில் ஒரு சொட்டு விட்டதும் நுரை பொங்கும். வெள்ளைக்கல்லில் விட்டால் சொட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதே கல்லைப் பொடித்து, ஆசிட்டைச் சூடாக்கி விட்டால்தான் நுரைக்கும். இப்போது போர்டில் இடப்பக்கம் இரண்டு வரி கூடிவிட்டது: குளிர்ந்த ஆசிட்டில் அநேகமாக நுரைக்கவில்லை, சூடான ஆசிட்டில் நுரைத்தது. வலப்பக்கம்: கார்பனேட்தான், ஆனால் கால்சைட் இல்லை, மேக்னசைட்டாக இருக்கலாம். சுண்ணாம்புக்கல் என்று கத்திய பையனே வந்து இந்த வரியை எழுதுவான்.

இதற்குப் பிறகுதான் ஆங்கிலம். சொல்லப் போகும் விஷயம் தமிழில் கைக்கு வந்துவிட்டதால், இனி வேண்டியது வாக்கியத்தின் எலும்புக்கூடு மட்டும். இடப்பக்க வரிகளுக்கு 'தி ஸ்பெசிமன் இஸ்…', 'இட் ஷோஸ்…', 'இட் டஸ் நாட் எஃபர்வெஸ் (நுரைக்கவில்லை) இன்…' என்று மூன்று நான்கு போதும். நிறம், பளபளப்பு, முறிவு, கடினத்தன்மை, ஆசிட் என்ற வரிசை மாறக்கூடாது, கல்லின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். நம் பிள்ளைகள் பெயரை முதல் வரியில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற குணங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து நிரப்புவார்கள். அப்படி எழுதினால் கல்லைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

வலப்பக்கத்துக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 'சஜஸ்ட்ஸ்', 'இண்டிகேட்ஸ்', 'கன்ஃபர்ம்ஸ்' மூன்றும் ஒரே எடை இல்லை, முதலாவது லேசானது, கடைசி கல்வெட்டு. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'கன்ஃபர்ம்ஸ்' போட்டால் நான் வட்டமிடுவேன். இந்த மேக்னசைட் எப்படி உண்டானது என்று எழுதும்போது 'மே ஹேவ் ஃபார்ம்ட்' போன்ற தயக்கம் கட்டாயம் வேண்டும். மெக்னீசியம் நிறைந்த டுனைட் பாறையைக் கரியமில வாயு கலந்த நீர் மாற்றியது என்று சொல்கிறோம். அதைக் கல்லில் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளைக் கோடுகளிலிருந்து ஊகிக்கிறோமே தவிர யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பள்ளியில் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லியே மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு, தயங்கி எழுதுவதும் அறிவுதான் என்று புரிய நாளாகும். அவசரப்படுத்தாதீர்கள்.

மாதிரி விடையை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அது அப்படியே அத்தனை நோட்டிலும் இறங்கும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் வழக்கம் நம் கல்லூரிகளில் எவ்வளவு பழையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எழுதி முடித்த பிறகு இரண்டு வர்ணனைகளைப் பெயரில்லாமல் கொடுங்கள், ஒன்று நல்லது, ஒன்று சொதப்பல். எது சொதப்பல், ஏன் என்று அவர்களே மார்க் போடட்டும். நம்மைவிடக் கறாராகப் போடுவார்கள்!

படிப்பதற்கும் வழி காட்ட வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையை முதல் வரியிலிருந்து டிக்‌ஷனரியோடு படிக்க விட்டால் இரண்டாம் பத்தியில் மூடிவிடுவார்கள். முதலில் வரைபடம், படங்களுக்குக் கீழே உள்ள வரி, அட்டவணை. அப்புறம் முடிவுரை, கடைசியில் நடுப்பகுதி. படிக்கும்போது பென்சிலால் பார்த்ததற்கு 'பா', ஊகத்துக்கு 'ஊ' என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சேலம் மாவட்டத்துப் பாறைகளைப் பற்றி நிலவியலாளர்கள் கிங்கும் ஃபுட்டும் எழுதி இந்திய ஜியாலஜிக்கல் சர்வே 1864இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்தாலும் இந்த வேலையைச் செய்யலாம். நடை பழசாக இருந்தாலும் ஊர்ப் பெயர்கள் தெரிந்தவை என்பதால் பிள்ளைகளுக்கு ஓர் ஆர்வம் வரும்.

ஏற்காட்டுக்குக் களப்பயணம் போகும்போது இதே கோடு குறிப்பேட்டுக்குப் போகும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய இடங்களில் சார்னகைட் என்ற பாறை தெரியும். கருத்து, உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போல இருக்கும். இடப்பக்கத் தாளில் படமும் பார்த்ததும், வலப்பக்கத் தாளில் ஊகம். வலப்பக்கத்தை மாலையில் கீழே இறங்கிய பிறகு எழுதினால் போதும். 'மாஸிவ்' போன்ற சொற்களை அங்கேயே பாறையைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அடுக்கோ பட்டையோ இல்லாத பாறைக்கு அந்தச் சொல். பெரிய பாறை என்று நினைத்து எழுதுகிறவர்கள் எல்லா வருடமும் உண்டு.

திருத்தும்போது எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். 'எ', 'தி' விட்டுப்போனதற்கெல்லாம் சிவப்பு மை போட்டால் அடுத்த வாரம் அந்தப் பெண் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவாள். பார்த்ததும் ஊகமும் கலந்த இடம், வரிசை தவறிய இடம், துறைச் சொல் பிசகிய இடம், இந்த மூன்றுதான் என் கணக்கு. முக்கியமாக, இதற்கு இன்டர்னலில் மார்க் வையுங்கள். மார்க் இல்லாத வேலையை எந்தப் பிள்ளையும் செய்யாது, நாமும் அந்த வயதில் செய்ததில்லை.

வகுப்பில் தமிழ் பேசினால் தரம் குறையும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத விடலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே 2023இல் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் நாளைக்குச் சுரங்கத்திலோ சர்வேயிலோ வேலைக்குப் போனால் அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதனால் நான் இரண்டையும் விடுவதில்லை. யோசிப்பதும் சண்டை போடுவதும் தமிழில், நோட்டில் இறங்குவது ஆங்கிலத்தில்.

இரண்டாம் செமஸ்டரில் எலும்புக்கூட்டு வாக்கியங்களைப் போர்டிலிருந்து அழித்துவிடுங்கள். கல்லை மட்டும் கொடுங்கள். திணறுகிறவர்களுக்கு 'தி ஸ்பெசிமன்' வரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போங்கள்.